பருத்தி கேன்வாஸுக்குச் சிலிக்கோன் எமல்ஷன்: மூன்று சலவைக்குள் நீர்விலக்கும் தன்மை போய்விடுவது ஏன்?

கேள்வி
பினிஷிங் பிரிவுப் பொறுப்பாளர், பெருந்துறை

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைப் பகுதியில் நெய்த துணிகளைப் பதனிடும் ஓர் ஆலையில் பினிஷிங் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் வரும் துணியில் பெரும்பகுதி கரூர் ஏற்றுமதியாளர்களுடையது. மேசைவிரிப்பு, சமையலறை ஏப்ரன், தோட்ட நாற்காலிகளின் மெத்தை உறை ஆகியவற்றுக்கான பருத்தித் துணிகளே அவற்றுள் அதிகம். நீர்விலக்குப் பினிஷ் வேண்டும் என்று கேட்டால் இதுவரை சி6 வகை ஃப்ளூரோகார்பன் என்ற ஃப்ளூரின் கலந்த மருந்தைப் போட்டுக் கொடுத்து வந்தோம். அதில் எங்களுக்குப் பெரிய சிக்கல் எதுவும் வந்ததில்லை.

இப்போது பார்ட்டி, அதாவது துணி கொடுக்கும் ஏற்றுமதியாளர், ஃப்ளூரின் அறவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஆடைகளோடு மேசைவிரிப்பு, திரைச்சீலை, மெத்தை உறை போன்ற வீட்டுத் துணிகளுக்கும் பிஎஃப்ஏஎஸ் (ஃப்ளூரோகார்பன் உள்ளிட்ட ஃப்ளூரின் சேர்மங்கள்) தடை வந்துவிட்டது என்றும், பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் ஆடைகளுக்கும் காலணிகளுக்கும் அதே தடை என்றும் அவர் காரணம் சொல்கிறார். ஆகவே மருந்து விற்பனையாளரின் ஆலோசனைப்படி மெத்தில் ஹைட்ரஜன் சிலிக்கோன் எமல்ஷனுக்கு (நீரில் நுண்துளிகளாகக் கலந்த சிலிக்கோன் எண்ணெய்க்கு) மாறிச் சோதனை லாட் ஓட்டினோம்.

துணி 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) பருத்தி கேன்வாஸ், ரியாக்டிவ் சாயம் ஏற்றியது. எமல்ஷனில் திடப்பொருள் 40 சதவீதம். அதை லிட்டருக்கு 90 கிராம் வீதம் எடுத்துக்கொண்டு, விற்பனையாளரே கொடுத்த வெள்ளீயம் கலந்த கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியைச் சேர்த்து, அசிட்டிக் ஆசிட்டால் பிஹெச் அளவை 5.5க்குக் கொண்டுவந்து, பேடிங் மாங்கிளில் (மருந்துத் தொட்டியில் நனைந்த துணியை ரோல்களுக்கு இடையே பிழியும் இயந்திரம்) 70 சதவீதப் பிக்-அப்பில் (துணியின் எடையில் 70 சதவீதம் மருந்துநீர் ஏறும்படி) ஓட்டினோம். ஐந்து சேம்பர் கொண்ட எங்கள் ஸ்டென்டரில் (துணியைச் சூடான காற்றில் ஓட்டும் இயந்திரம்) 160 டிகிரியில், நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில், ஒரே ஓட்டத்தில் உலர்த்தலையும் கியூரிங்கையும் (மருந்தை வெப்பத்தில் இறுகவைப்பது) முடித்தோம்.

மறுநாள் காலை ஸ்ப்ரே டெஸ்டில் (நீர் தெளித்து நீர்விலக்கும் தன்மையை 100 வரை மதிப்பிடும் சோதனை) இடது ஓரம் 90, நடுவில் 80, வலது ஓரம் 70 என்று வந்தது. 40 டிகிரியில் மூன்று முறை துவைத்த பிறகு அகலம் முழுவதும் 50க்கு இறங்கிவிட்டது. இவை தவிர நான் கவனித்தவை இன்னும் சில உண்டு. லாட் பாதி ஓடிய பிறகு தொட்டியில் நுரையும் சிறு சிறு குமிழிகளும் எழுந்தன. கடைசி 200 மீட்டரில் எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்தன. மீதமிருந்த எமல்ஷன் டிரம்மின் மூடி இரண்டு நாளில் உப்பிப்போயிருந்தது. மருந்து கெட்டுப்போனதா, எங்கள் முறையில் பிழையா, அல்லது பருத்திக்குச் சிலிக்கோன் இவ்வளவுதான் தருமா என்பதை எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். மேசைவிரிப்பில் குழம்பு எண்ணெய் பட்டால் ஒட்டக் கூடாது என்றும் பார்ட்டி எதிர்பார்க்கிறார். அதையும் சிலிக்கோனால் செய்ய முடியுமா?

பதில் 1
ஜவுளி வேதியியல் ஆய்வகப் பணியாளர், கோவை

வணக்கம் ஐயா. விவரங்களை இவ்வளவு முழுமையாக எழுதியதற்கு நன்றி. பெரும்பாலான கேள்விகளில் வேகமும் பிக்-அப்பும்கூட இருப்பதில்லை. நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் நுரை, குமிழி, எண்ணெய்ப் புள்ளி, சலவையில் இறங்கும் மதிப்பு ஆகியவற்றுள் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன். உங்கள் துணிக்குள் காரம் மிச்சமிருக்கிறது.

மெத்தில் ஹைட்ரஜன் சிலிக்கோன் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு சிலிக்கான் அணுவிலும் ஒரு மெத்தில் தொகுதியும் ஒரு ஹைட்ரஜனும் தொங்கிக்கொண்டிருக்கும். துணியின் மேல் படர்ந்து சூடாகும்போது அந்த ஹைட்ரஜன் விலகி, சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, இழையைச் சுற்றி மெல்லிய வலையாக இறுகுகின்றன. ஆக்சிஜன் பகுதி பருத்தியின் பக்கம் திரும்பி நிற்க, மெத்தில் தொகுதிகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும்போதுதான் நீர் உருண்டு ஓடுகிறது. இந்த வினை துணியின் மேல், ஸ்டென்டருக்குள் நடக்க வேண்டியது. பாத்தில் (தொட்டியிலுள்ள மருந்துநீரில்) காரம் ஏறினால் தொட்டியிலேயே அது தொடங்கிவிடும். அப்போது வெளிவரும் வாயு ஹைட்ரஜன். நீங்கள் பார்த்த குமிழிகள் அவையாகவே இருக்க வேண்டும். வினை தொடங்கிய எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எமல்ஷன் உடைவதால் புள்ளிகள் விழுகின்றன. துணியில் போய்ச் சேரும் மிச்சச் சிலிக்கோனோ பிணையும் சக்தியைப் பாதி இழந்திருக்கும்.

லாட் தொடங்கும்போது பிஹெச் 5.5 என்று எழுதியிருக்கிறீர்கள். லாட் முடியும்போது எவ்வளவு இருந்தது என்று அளந்தீர்களா? ஒவ்வொரு மீட்டர் துணியும் தன்னிடமுள்ள காரத்தைச் சிறிது சிறிதாகத் தொட்டிக்குள் விட்டுவிட்டுப் போகிறது என்பதால் தொடக்க அளவு மட்டும் போதாது. நான் 4.5க்கும் 5க்கும் இடையில் தொடங்கி, 500 மீட்டருக்கு ஒரு முறை அளந்து, தேவைப்பட்டால் நீர்த்த அசிட்டிக் ஆசிட் சேர்க்கச் சொல்வேன். இது தற்காலிகப் பாதுகாப்புதான். காரத்தைத் துணியிலேயே எடுத்துவிட வேண்டும். அலசிய துணியின் மேல் காட்டித்தாளை வைத்துப் பார்த்துவிட்டு நடுநிலை என்று முடிவு செய்வது கேன்வாஸ் போன்ற கனத்த துணியில் ஏமாற்றும், ஏனென்றால் தடித்த நூலின் உள்ளே தங்கிய காரம் மேற்பரப்பில் தெரிவதில்லை. 10 கிராம் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு அந்தச் சாற்றின் பிஹெச்சைப் பாருங்கள். 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

அதே சாற்றை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றிக் குலுக்கியும் பாருங்கள். நுரை நின்றால் வெட்டிங் ஆயிலோ (துணி விரைவாக நனையச் சேர்க்கும் மருந்து) சோப்போ மிச்சம் இருக்கிறது என்று பொருள். நீரின் மேற்பரப்பு இழுவிசை 20 டிகிரியில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். சிலிக்கோன் பூசிய பரப்பின் இழுவிசை 24க்கு அருகில். இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் நீர் பரவாமல் துளியாக நிற்கிறது. சிறிதளவு சோப்பு கரைந்தால் நீரின் இழுவிசை 30 வரை இறங்கிவிடும். அப்படிப்பட்ட நீர் மிக எளிதாக உள்ளே போகும். துணியில் தங்கிய வெட்டிங் ஆயில் மழைநீரில் கரைந்து செய்வதும் இதுதான். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பினிஷுக்கு முன் துளி நீரை விட்டு, உடனே உறிஞ்சுகிறது என்று பார்த்து, துணி நன்றாகத் தயாராகிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். மிச்சமிருக்கும் வெட்டிங் ஆயிலே அந்த வேகத்தைக் கொடுத்திருக்கக்கூடும். துணியை வெந்நீரில் இருமுறை அலசி உலர்த்தி, மறுபடியும் துளி விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது அளவு. உங்கள் கணக்கில் லிட்டருக்கு 90 கிராம், அதில் 40 சதவீதம் திடப்பொருள், 70 சதவீதப் பிக்-அப் என்றால் துணியின் எடையில் 2.5 சதவீதம் சிலிக்கோன் ஏறுகிறது. நீர்விலக்க இது மிகை. முதல் அடுக்கு மெத்தில் தொகுதிகளை வெளியே காட்டி நிற்க, அதற்கு மேல் படியும் இரண்டாம் அடுக்கு தலைகீழாகத் திரும்பி ஆக்சிஜன் பக்கத்தை வெளியே காட்டும்; நீர்விலக்கும் தன்மை அதனால் குறையும். கூடவே எமல்ஷனிலுள்ள எமல்சிஃபையரும் (எண்ணெயை நீரில் கலந்து வைக்கும் பொருள்) அதிகமாக ஏறும். அதுவும் ஒரு சோப்புதான். லிட்டருக்கு 50 கிராமுக்கு இறக்கினால் 1.4 சதவீதம் கிடைக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்டதற்கு நேரான பதில் முடியாது என்பதே. சமையல் எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை ஏறக்குறைய 32. சிலிக்கோனின் 24க்கும் இதற்கும் உள்ள இடைவெளி துணி போன்ற இழைப்பரப்பில் எண்ணெயைத் தடுக்கப் போதாது. ஃப்ளூரோகார்பன் இதைச் செய்ததற்குக் காரணம் அதன் பரப்பு 10க்கு அருகிலும் அதற்குக் கீழேயும் இறங்குவதுதான். சிலிக்கோன் பூசிய துணி எண்ணெய்ப்பசையுள்ள அழுக்கைச் சற்றுக் கூடுதலாக ஈர்க்கவும் செய்யும். லாட் எடுப்பதற்கு முன்பே பார்ட்டியிடம் இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பதில் 2
ஓய்வுபெற்ற பினிஷிங் மாஸ்டர், ஈரோடு

தம்பிக்கு வணக்கம். வேதியியலை மேலே உள்ள நண்பர் தெளிவாக எழுதிவிட்டார். நான் இயந்திரப் பக்கத்தைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டென்டர் முன்னால் நின்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: உங்கள் துணி கியூரிங்கே ஆகவில்லை.

ஐந்து சேம்பர், ஒன்றுக்கு மூன்று மீட்டர் என்றால் உள்ளே இருப்பது 15 மீட்டர். நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் துணி உள்ளே இருக்கும் நேரம் 50 விநாடி. 70 சதவீத ஈரத்தோடு போகும் 280 ஜிஎஸ்எம் கேன்வாஸ் அந்த 50 விநாடியில் உலர்ந்து வெளியே வருவதே பெரிய விஷயம். ஈரம் இருக்கும்வரை துணியின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பேனலில் தெரியும் 160 என்பது காற்றின் வெப்பம். துணியின் வெப்பத்தை அறிய வேண்டுமானால் நிறம் மாறும் வெப்பப் பட்டையைத் துணியில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். வெளியே வரும் இடத்தில் 110 டிகிரி காட்டினாலே எனக்கு வியப்பாக இருக்கும். கியூரிங் ஆகாத சிலிக்கோன் இழையின் மேல் எண்ணெய் போலக் கிடக்கும். மறுநாள் ஸ்ப்ரே டெஸ்டில் 80 காட்டும். சோப்பு நீரில் மூன்று முறை துவைத்தால் கழன்று போய்விடும். நீங்கள் பார்த்தது அதுவே.

ஆகவே ஓட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் 110 முதல் 120 டிகிரியில் உலர்த்துங்கள். தொடக்கத்திலேயே மிகக் கடுமையான வெப்பம் கொடுத்தால் மருந்து நீரோடு சேர்ந்து மேற்பரப்புக்கு ஏறிவந்துவிடும். நூலின் உள்பகுதி வெறுமையாக நிற்கும். உலர்ந்த துணியை இரண்டாம் ஓட்டத்தில் 150 டிகிரியில் மூன்று நிமிடம் வையுங்கள். 15 மீட்டர் ஸ்டென்டரில் அதற்கு வேகம் நிமிடத்துக்கு 5 மீட்டராக வேண்டும். ஸ்டென்டர் நேரம் எவ்வளவு விலையுள்ளது என்பதை நான் அறியாதவன் இல்லை. பிரிண்டிங் ஆலைகளில் பிக்மென்ட் பதிக்க வைத்திருக்கும் பாலிமரைசர் உங்கள் பக்கத்தில் எங்காவது ஓய்வாக இருந்தால், உலர்த்திய துணியை அங்கே கொண்டுபோய்க் கியூரிங் செய்து வாங்குவது நல்ல வழி. ரோலர்களுக்கு இடையே மேலும் கீழுமாக நிறையத் துணி ஓடுவதால் அதே மூன்று நிமிடத்தை நல்ல வேகத்திலேயே பெற்றுவிடலாம். கியூரிங் முடிந்த துணியை அன்றே சோதிக்காதீர்கள். ஒரு முழு நாள் விரித்தோ தளர்வாகச் சுற்றியோ வைத்திருந்தால் மீதி வினையும் முடிந்து, நீர்விலக்கும் தன்மை இன்னும் ஒரு படி ஏறும்.

இடது ஓரத்தில் 90, வலது ஓரத்தில் 70 என்பது மாங்கிள் சொல்லும் கதை. ஓட்டம் நின்றிருக்கும்போது இரண்டு ரோல்களுக்கு நடுவே வெள்ளைத்தாளையும் கார்பன் தாளையும் அகலம் முழுவதும் வைத்து அழுத்தி எடுத்துப் பாருங்கள். அச்சு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் விழுந்தால் அழுத்தம் சரியில்லை. பிறகு மூன்று இடங்களிலும் ஒரே அளவுத் துண்டுகளை வெட்டி, ஈரமாகவும் உலர்ந்த பிறகும் எடைபோட்டுப் பிக்-அப்பைத் தனித்தனியே கணக்கிடுங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் எந்த மருந்தாலும் சமன் செய்ய முடியாது.

இன்னொன்று. சிலிக்கோன் என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி மென்மைக்கான அமினோ சிலிக்கோன். அது துணிக்கு வழவழப்பைத் தருமே தவிர மழையைத் தாங்காது. அவற்றுள் நீரை ஈர்க்கும்படியே செய்யப்பட்ட வகையும் உண்டு; பனியன் துணிக்கு வியர்வையை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக வாங்குவார்கள். உங்கள் கிடங்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டிரம்மில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கை மென்மையாக இருக்கட்டும் என்று அமினோ சிலிக்கோனை இதே பாத்தில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அமின் காரத்தன்மை உள்ளது. குமிழியை நீங்களே வரவழைத்தது போலாகிவிடும். வெள்ளைத் துணி ஓட்டும் நாளில் வெண்மையூட்டி பற்றியும் கவனம் வேண்டும். அது எதிர்மின் தன்மை கொண்டது. எமல்ஷன் நேர்மின் வகை என்றால் இரண்டும் சேர்ந்து தொட்டியிலேயே திரிந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த நாளே மாதிரிகளை எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். சாற்றின் பிஹெச் 9.2 இருந்தது. குலுக்கிய குழாயில் நுரை ஐந்து நிமிடம் கழிந்தும் அடங்கவில்லை. சாயத்துக்குப் பின் சோப்பு போட்டுவிட்டு ஒரே ஒரு குளிர்ந்த அலசலோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் என்று விசாரித்ததில் நீரை மிச்சப்படுத்தவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். எங்கள் கழிவுநீர் முழுவதும் ஆர்ஓ (சவ்வு வழி வடிகட்டல்), எவாபரேட்டர் (நீரை ஆவியாக்கும் கருவி) வழியாகப் போவதால் ஒவ்வொரு அலசலுக்கும் செலவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு அலசலின் மிச்சத்தைவிட இந்த லாட்டில் நாங்கள் இழந்தது பல மடங்கு.

வெப்பப் பட்டையும் ஒட்டிப் பார்த்தோம். ஸ்டென்டரை விட்டு வரும்போது 104 டிகிரி. மாஸ்டர் ஐயா கணித்ததைவிடவும் குறைவு.

இப்போது இரண்டு வெந்நீர் அலசல், பிறகு அசிட்டிக் ஆசிட் கலந்த ஓர் அலசல் என்று மாற்றிவிட்டோம். சாறு 6.3க்கு வந்தது. எமல்ஷன் 50 கிராம், தொடக்கப் பிஹெச் 4.7, உலர்த்தல் 120 டிகிரி, கியூரிங் 150 டிகிரியில் மூன்று நிமிடம். மாங்கிளின் வலது பக்க அழுத்தத்தையும் சரிசெய்தோம். ஒரு நாள் கழித்துச் சோதித்தபோது அகலம் முழுவதும் 90க்கும் 100க்கும் இடையில் நின்றது. மூன்று சலவைக்குப் பிறகு 80. ஐந்து சலவைக்குப் பிறகு சில துண்டுகள் 80, சில 70. தொட்டியில் குமிழி இல்லை, புள்ளியும் இல்லை.

பார்ட்டி ஐந்து சலவைக்குப் பிறகு எல்லாத் துண்டுகளிலும் 80 வேண்டும் என்கிறார். அந்தக் கடைசிப் படியை எப்படி ஏறுவது? உப்பிய டிரம்மை என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டுகிறேன். அதை இன்னும் திறக்கவில்லை.

பதில் 3
தொழிற்சாலைப் பாதுகாப்பு, கழிவுநீர்ப் பொறுப்பாளர், திருப்பூர்

டிரம் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக்கூடிய செய்தி இல்லை. மூடி உப்பியிருப்பது உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்ததால்தான். பயன்படுத்தி மீந்த பாத்தையோ, கார நீர் பட்ட குவளையால் மொண்டதையோ டிரம்முக்குள் திருப்பி ஊற்றியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். இந்த வகைச் சிலிக்கோன் எண்ணெய் தூய நிலையில் ஒரு கிலோ முழுவதும் நீரோடு வினைபுரிந்தால் 350 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும். அதில் நூறில் ஒரு பங்கு வினை நடந்தாலும் மூடிய டிரம் தாங்காது. பற்றவைக்க ஒரு சிறு பொறி போதும். டிரம்மைச் சுற்றி வெல்டிங், பீடி, மின்சுவிட்ச் எதுவும் இல்லாத திறந்தவெளியில், உருட்டாமல் கவனமாக நகர்த்தி வைத்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்த ஒருவர் பக்கவாட்டில் நின்றுகொண்டு, சிறிய மூடியை மிக மெதுவாகக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். டிரம் பெரிதாக ஊதியிருந்தாலோ தொட்டால் சூடாக இருந்தாலோ நீங்களாகத் திறக்க முயல வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கும் விற்பனையாளருக்கும் தகவல் கொடுங்கள். இனி வாங்கும்போது வாயு வெளியேற வழியுள்ள மூடியோடு கேளுங்கள். காஸ்டிக்கும் பிளீச்சிங் மருந்தும் வைக்கும் அறையில் இதை வைக்கக் கூடாது. மீந்த பாத்தை எந்த நிலையிலும் டிரம்முக்குத் திருப்பக் கூடாது.

மீந்த பாத்தைச் சாக்கடையில் விடுவதும் தவறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு இந்தத் தொழில் எப்படி மீண்டது என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்த மீட்சி முழுவதும் ஆர்ஓ சவ்வுகளின் மேல் நிற்கிறது. சிலிக்கோன் அந்தச் சவ்வில் படிந்தால் வழக்கமான கழுவலில் எளிதாகப் போவதில்லை. மீன்களுக்கும் இந்த மிச்சப் பாத் நஞ்சு. தொட்டியின் கொள்ளளவைக் குறைத்து, லாட்டுக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து, கடைசியில் மிஞ்சுவதைத் தனியாகச் சேர்த்துத் திடக்கழிவு வழியில் அனுப்புங்கள்.

உங்கள் கேட்டலிஸ்ட் பற்றியும் ஒரு சொல். வெள்ளீயம் என்று எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் டைபியூட்டில்டின் சேர்மமாக இருக்கும். ஓக்கோ-டெக்ஸ் எனப்படும் துணிப் பாதுகாப்புத் தரத்தில் அதற்குக் குழந்தைகள் பொருளில் கிலோவுக்கு 1 மில்லிகிராமும், மற்றவற்றில் 2 மில்லிகிராமும்தான் வரம்பு. ஃப்ளூரினைத் தவிர்த்துவிட்டு வெள்ளீயத்தில் லாட் திரும்பி வந்தால் எவ்வளவு வருத்தமாக இருக்கும்! ஸிர்கோனியம் அல்லது துத்தநாகக் கேட்டலிஸ்ட் கேட்டு வாங்குங்கள். சிலிக்கோனிலும் டி4, டி5, டி6 எனப்படும் வளையச் சேர்மங்கள் ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதற்கான சான்றை விற்பனையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாங்கிளையும் ஸ்டென்டரையும் சி6 ஓட்டியதிலிருந்து எவ்வளவு சுத்தம் செய்தீர்கள் என்று எழுதவில்லை. கலிஃபோர்னியச் சட்டம் மொத்தக் கரிம ஃப்ளூரினுக்கு 2025இல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) என்றும் 2027இல் 50 பிபிஎம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. குழாயிலும் தொட்டி மூலையிலும் ஒட்டியிருக்கும் பழைய மருந்து முதல் சில நூறு மீட்டரில் ஏறிவிடலாம். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டும் ஆலையில் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைப்பதே நிம்மதி.

பதில் 4
ஜவுளி வேதியியல் ஆய்வகப் பணியாளர், கோவை

104 டிகிரியிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு வாழ்த்துகள். ஐந்து சலவைக்குப் பிந்தைய 70 பற்றிச் சொல்கிறேன்.

பருத்தி இழை நனையும்போது குறுக்கே சுமார் 20 சதவீதம் பருக்கிறது. அதன் மேல் இறுகிய சிலிக்கோன் படலம் அந்த அளவுக்கு நீளாமல் ஆங்காங்கே கிழிகிறது. சலவைதோறும் அந்தக் கிழிசல் கூடுகிறது. பாலியஸ்டர் இவ்வளவு பருப்பதில்லை என்பதால்தான் அதே மருந்து அதில் நீண்ட நாள் நிற்கிறது. பருத்தியில் இதைக் குறைக்க வேண்டுமானால் இழை பருப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். சுருக்கமின்மைக்காகப் போடும் குறைந்த ஃபார்மால்டிஹைடு கிளையாக்சால் ரெசினை, மக்னீசியம் குளோரைடு கேட்டலிஸ்டோடு, அதே பாத்தில் சிறிய அளவில் சேர்க்கலாம். அதுவும் அமிலச் சூழலிலும் 150 டிகிரியிலும் வினைபுரிவதால் உங்கள் முறை மாற வேண்டியதில்லை. ஆனால் ரெசின் ஏற ஏறப் பருத்தியின் வலு குறையும். கேன்வாஸுக்குக் கிழிவு வலு முக்கியம். லிட்டருக்கு 15, 25, 35 கிராம் என்று மூன்று சோதனைகள் செய்து, ஸ்ப்ரே மதிப்பையும் கிழிவு வலுவையும் சேர்த்தே பாருங்கள். ஃபார்மால்டிஹைடு வரம்பு தோலில் படும் துணிக்கு 75 பிபிஎம். ஏப்ரனுக்கு அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் உங்கள் சலவைச் சோதனையையும் ஒரு முறை சரிபாருங்கள். துவைத்த துண்டில் சோப்பு மிச்சமிருந்தால் பினிஷ் நன்றாக இருந்தும் மதிப்பு இறங்கும். சில துண்டுகள் 80, சில 70 என்று பிரிவது எனக்கு அந்த ஐயத்தையே தருகிறது. ஐந்தாம் சலவைக்குப் பிறகு சோப்பே இல்லாமல் வெந்நீரில் இரண்டு அலசல் கொடுத்து, உலர்த்தி, 65 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது நான்கு மணி நேரம் வைத்து, பிறகு சோதியுங்கள். ஸ்ப்ரே டெஸ்டில் ஊற்றும் 250 மில்லியும் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். புனலின் நுனிக்கும் துணியின் நடுவுக்கும் 150 மில்லிமீட்டர், சாய்வு 45 டிகிரி. குழாய் நீரில் சோதித்துவிட்டு வெளி ஆய்வகத்தோடு ஒப்பிட்டால் எண்கள் ஒத்துவராது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

டிரம்மைத் திறந்தவெளியில் வைத்து, சொன்ன முறைப்படியே மெதுவாக வாயுவை வெளியேற்றிவிட்டோம். விசாரித்ததில் முதல் நாள் மீந்த பாத்தை அதில் ஊற்றியது உண்மை என்று தெரிந்தது. ஊற்றிய பையனைக் கடிந்துகொள்ளவில்லை. ஊற்றக் கூடாது என்று அவனுக்கு நாங்கள் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இப்போது டிரம் மேலேயே தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சலவைத் துண்டுகளை மறுபடி அலசிச் சோதித்ததில் 70 காட்டிய நான்கில் மூன்று 80க்கு வந்துவிட்டன. மீதமுள்ள ஒன்று ஓரத்திலிருந்து வெட்டியது. ஸிர்கோனியம் கேட்டலிஸ்டோடும் 15 கிராம் ரெசினோடும் ஒரு சிறு லாட் ஓட்டியிருக்கிறோம். கிழிவு வலுச் சோதனைக்கு மாதிரி போயிருக்கிறது. எண்ணெய்க் கறை தடுக்கப்படாது என்று பார்ட்டிக்கு எழுதிவிட்டேன். மேசைவிரிப்பை விட்டுவிட்டு, தோட்ட மெத்தை உறைக்கும் ஏப்ரனுக்கும் மட்டும் இந்தப் பினிஷ் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

பதில் 5
ஓய்வுபெற்ற பினிஷிங் மாஸ்டர், ஈரோடு

ஏப்ரனில் பெயரோ சின்னமோ அச்சிடுவதாக இருந்தால், தம்பி, பினிஷுக்கு முன்பே அச்சிட்டுவிடச் சொல்லுங்கள். சிலிக்கோன் ஏறிய துணியில் பிக்மென்டும் ஒட்டாது, ஒட்டுப்பசையும் பிடிக்காது. திருப்பி எடுத்துச் சாயம் போடுவதும் பெரும்பாடு. சிலிக்கோன் லாட் முடிந்தவுடன் மாங்கிள் ரோல்களையும் தொட்டியையும் துடைத்துக் கழுவிய பிறகே அடுத்த லாட்டை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் துணியில் நீர் ஏறாத புள்ளிகளாக அது தெரியும். கிழிவு வலு முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.